தொட்டித் தண்ணீரும் பிளேன்டி நேரமும்

கேள்வி: அரிசி ஆலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். நெல் ஊறவைத்த தண்ணீர் அப்படியே வாய்க்காலுக்குள் போய் நாறுகிறது. மாதக் கூட்டத்தில் எழும்பி, சுற்றாடலைப் பாதுகாக்க வேண்டும் என்று கதைத்தேன். முதலாளி "பார்ப்பம் தங்கச்சி" என்றார், அதோடு சரி. இப்போது என்னைக் கண்டால் பொடியள் "சுற்றாடல் அமைச்சர் வாறா" என்கிறார்கள். கதைத்து ஏதும் பிரயோசனம் உண்டா?
– வாசகி, பரந்தன்

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் கதைத்த இடமும் பிழை, எடுத்த சொல்லும் பிழை. பத்துப் பேருக்கு முன்னால் "சுற்றாடல்" என்றால் முதலாளிக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும், அனுமதிப்பத்திரப் பயம் வேறு இருக்கும். "பார்ப்பம்" என்றால் வன்னியில் என்ன அர்த்தம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிளேன்டி (பால் விடாத தேத்தண்ணி) குடிக்கிற நேரத்தில் தொட்டியடியில் நிற்கிற அண்ணையிடம் போய், ஏன் இப்படி மணக்கிறது என்று சும்மா கேளுங்கள். பச்சைத் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் கிடந்தால் நெல் புளிக்கும், 65, 70 பாகை சுடுதண்ணீர் என்றால் நாலைந்து மணித்தியாலம் போதும், மணமும் குறையும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். விறகுக்கும் அலைய வேண்டாம், 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமிதானே, ஆலைக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்குமே. கழிவுத் தண்ணீருக்குக் குழி எப்படியும் வேண்டும், அது அடுத்த கதை.

இனி உங்கள் வேலை. தொட்டி எத்தனை நாள் முடங்குகிறது, அந்த நாளில் இன்னும் எத்தனை மூட்டை அவிக்கலாம் என்று அரைத் தாளில் கணக்கெழுதி, அந்த அண்ணையையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போங்கள். வாயை அவர் திறக்கட்டும்.

கேட்காமல் மேலேயிருந்து சொன்னால் என்ன நடக்கும் என்று பாருங்கள்: 2021 மே மாதம், எல்லாரும் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு மாற வேண்டும் என்று அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியதே, வயலில் நிற்கிறவனை யார் கேட்டது? நவம்பரில் தடையை எடுத்தபோது மாரிமழைக் காலபோக நெல் விதைத்தாயிற்று. இன்றைக்கும் வரம்பில் நின்று "சேதனப் பசளை" என்று சொல்லிப் பாருங்கள், முகத்தைத் திருப்புவார்கள். பசளை என்ன செய்யும், பாவம்.

அப்புறம், அந்தப் பொடியளோடு கோபிக்காதீர்கள். அமைச்சர் என்றால் நீங்களும் சிரித்துவிட்டு, வாய்க்கால் பக்கம் யாருடைய கிணறு இருக்கிறது என்று கேளுங்கள். முதலாளி மறுபடியும் "பார்ப்பம்" என்றால், "எப்ப ஐயா, சிறுபோக நெல் வர முன்னமோ?" என்று ஒரு வார்த்தை போடுங்கள்.