நீச்சல் தெரியாது, மூட்டு வலி வேறு: கோர்சிகாவில் பாய்மரப் படகில் ஒரு வாரம் போகலாமா?

கேள்வி: எனக்கு 58 வயது, மனைவிக்கு 54. மகள் பிரான்சில், லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். அடுத்த ஆண்டு அவளிடம் போகும்போது, கோர்சிகா தீவின் மேற்குக் கரையில் ஒரு வாரம் பாய்மரப் படகில் போகலாம் என்கிறாள். எட்டுப் பேர் போகிற படகு, ஓட்ட ஆள் உண்டு, மற்றவர்கள் முன்பின் தெரியாதவர்கள். அஜாக்சியோவில் கிளம்பி, தெற்கே பொனிஃபாசியோ, வடக்கே ஜிரோலாட்டா இரண்டையும் பார்த்துவிட்டு அஜாக்சியோவுக்கே திரும்புவதாகத் திட்டம். 'நிதானமான பயணம்' என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. மனைவிக்கு மூட்டு வலி. மலைப்பாதையில் பஸ் ஏறினாலே வாந்தி வரும். சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவோம். நம்பிப் போகலாமா? எந்த மாதம் நல்லது? – திருச்சி வாசகர்

பதில்: போகலாம். நீச்சல் தெரியாததும் மூட்டு வலியும் சமாளிக்கக் கூடியவை. எனக்கு இடிக்கிறது நீங்கள் சொல்லும் பயணத் திட்டம்தான்.

கணக்கைப் பாருங்கள். அஜாக்சியோவிலிருந்து பொனிஃபாசியோ ஏறக்குறைய 45 கடல் மைல். ஜிரோலாட்டா 35-க்குப் பக்கம். இரண்டுக்கும் போய்த் திரும்பினால் 160 கடல் மைல், அதாவது 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 12 மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு மணிக்குச் சராசரியாக 5 கடல் மைல் போகும். ஆக 32 மணி நேர ஓட்டம். சனிக்கிழமை மாலை ஏறி, அடுத்த வெள்ளி மாலைக்குள் துறைமுகம் திரும்பிவிடுவதுதான் வாரப் பயணங்களில் வழக்கம். கையில் இருப்பது ஆறு நாள். தினமும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் காற்று மோசமாகித் துறைமுகத்தில் முடங்கினால், மிச்ச நாட்களில் ஆறரை மணி நேரம். இதற்கு நிதானம் என்று பெயர் வைத்தவர் நாள் முழுக்கக் கடலில் இருந்து பழகியவராக இருக்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு, அதுவும் குமட்டல் வருகிறவர்களுக்கு, ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரம் போதும்.

அதனால் ஏதாவது ஒரு திசையை விட்டுவிடுங்கள். நான் தெற்கை விடுவேன். பொனிஃபாசியோ அழகில்லை என்பதற்காக இல்லை; வெள்ளைச் சுண்ணாம்புக்கல் செங்குத்துப் பாறையின் விளிம்பில் பழைய ஊர் தொங்குவதைக் கடலிலிருந்து பார்ப்பது ஒரு அனுபவம்தான். ஆனால் அந்த ஊர் நிற்பது கோர்சிகாவுக்கும் இத்தாலியின் சார்டினியா தீவுக்கும் நடுவே உள்ள நீரிணையின் ஓரத்தில்; அதன் அகலம் 12 கிலோமீட்டர்தான். மேற்குக் காற்று இரண்டு தீவுகளுக்கும் இடையே நெருக்கப்பட்டு அங்கே வேகம் பிடிக்கும். 1855 பிப்ரவரியில் கிரைமியப் போருக்குப் படைவீரர்களை ஏற்றிப்போன 'செமியாந்த்' என்ற பிரெஞ்சுக் கப்பல் புயலில் சிக்கி, அங்கிருக்கும் லாவேசி தீவுப் பாறைகளில் மோதி உடைந்தது. ஏறக்குறைய 700 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அது குளிர்காலப் புயல், உங்கள் கோடைப் பயணத்தோடு அதை ஒப்பிட முடியாது. ஆனாலும் முதல் கடல் பயணத்துக்கு அந்த நீரிணை வேண்டாம். பொனிஃபாசியோ போக நல்ல சாலை இருக்கிறது, பிறகு ஒருமுறை காரில் போய்க்கொள்ளலாம்.

ஜிரோலாட்டாவுக்குக் காரில் போக முடியாது. சாலையே கிடையாது. மலைமேல் வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் போல நடந்து இறங்க வேண்டும், இல்லையென்றால் கடல் வழி. உங்கள் மனைவியின் மூட்டுக்குப் படகுதான் ஒரே வழி. வடக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் அந்தக் கரை. அஜாக்சியோ வளைகுடாவின் வாயில் சாங்கினேர் தீவுகளைச் சுற்றி வடக்கே திரும்பினால், 20 கடல் மைலில் கார்ஜெஸ் என்ற சின்ன ஊர். 17-ஆம் நூற்றாண்டில் துருக்கியர் ஆட்சியிலிருந்து தப்பி வந்த கிரேக்கர்களின் வழித்தோன்றல்கள் குடியேறிய ஊர் அது. கிரேக்க வழிபாட்டு முறைத் தேவாலயமும் லத்தீன் முறைத் தேவாலயமும் எதிரும் புதிருமாக நிற்கின்றன. அதைத் தாண்டினால் காப்போ ரோசோ முனை. 331 மீட்டர் உயரத்தில், பாறை உச்சியில் ஒரு காவல் கோபுரம். கொள்ளைக் கப்பல்கள் வருகின்றனவா என்று பார்க்க அப்போது தீவை ஆண்ட, இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர்கள் தீவைச் சுற்றிலும் கட்டிய கோபுரங்களில் ஒன்று. முனையைத் திரும்பியதும் பியானாவின் சிவப்புக் கருங்கல் பாறைகள் கடலிலிருந்து நேராக எழும். போர்ட்டோ வளைகுடாவின் வடகரையில் ஸ்கண்டோலா. எரிமலைக் குழம்பு இறுகித் தூண் தூணாக நிற்கிற இடம். 1975-லேயே இயற்கைக் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள், 1983-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. காப்பகத்துக்குள் இரவு நங்கூரம் போடக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது. விரால் அடிப்பான் பருந்துகள் கூடு கட்டும் பருவத்தில் கூடுகளை நெருங்கவும் கூடாது. மெதுவாகப் பார்த்துக்கொண்டே போய், பக்கத்து வளைகுடாவில் இருக்கும் ஜிரோலாட்டாவில் மிதவையில் படகைக் கட்டி இரவு தங்குவார்கள். போக மூன்று நாள், வர மூன்று நாள் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கரைக்குச் சரியாக இருக்கும்.

இனி மாதம். ஜூன் நடுவிலிருந்து மாத முடிவு வரை. செப்டம்பர் முதல் பாதி இரண்டாவது தேர்வு. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். பிரான்ஸ், இத்தாலி முழுக்க விடுமுறை. ஜிரோலாட்டாவில் மிதவை கிடைப்பது குதிரைக்கொம்பு. கூட்டம் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கோடை முழுக்கச் சூடேறிய கடலுக்கு மேலே குளிர்ந்த காற்று வந்து சேர்ந்தால் இடி மழை மிக வேகமாக உருவாகும். 2022 ஆகஸ்ட் 18 காலையில் இதே மேற்குக் கரையைத் தாக்கிய புயலில், மாரிஞானா என்ற இடத்தில் காற்று மணிக்கு 224 கிலோமீட்டர் பதிவானது. நங்கூரத்தில் நின்ற படகுகள் பல கரையில் தூக்கி எறியப்பட்டன, உயிர்ச்சேதமும் ஆனது. அது எப்போதாவது நடப்பது, உண்மைதான். ஜூனில் கடல் இன்னும் அவ்வளவு சூடேறியிருக்காது. தண்ணீர் 20, 21 டிகிரிதான் இருக்கும். நீந்துகிறவர்கள் முனகுவார்கள், உங்களுக்குக் கவலை இல்லை. இரவு ஒன்பது மணி வரை வெளிச்சமும் இருக்கும்.

ஜூனில் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்றால், காலையில் கடல் எண்ணெய் ஊற்றியது போல அசையாமல் கிடக்கும், இன்ஜினில்தான் போவார்கள். நண்பகலில் நிலம் சூடாகிக் கடற்காற்று எழும். அப்போது பாய் விரிப்பார்கள். மாலையில் காற்று அடங்கிவிடும். குமட்டல் வருகிறவர்கள் நீண்ட ஓட்டத்தைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்லிக் கேட்கலாம். பாய் விரித்துப் போகிற சுகம் குறையும்தான், ஆனால் மனைவி பயணத்தை ரசிப்பார்.

குமட்டல் பற்றி விளம்பரங்கள் சொல்லாத ஒன்று: ஓடும்போது வருவதைவிட, நிற்கும்போது வருவது தொல்லை. இந்தக் கரை மேற்கே திறந்த கடலைப் பார்த்து நிற்கிறது. எங்கோ அடித்த காற்றின் அலை, காற்று ஓய்ந்த பிறகும் வந்துகொண்டே இருக்கும். நங்கூரத்தில் நிற்கும் படகு அதில் இரவு முழுக்கப் பக்கவாட்டில் தொட்டில் ஆடும். பாதி இரவுகளாவது துறைமுகத்தில் தங்கும்படி கேளுங்கள். வாந்தி மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பயன் இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பாருங்கள்; சிலருக்குத் தூக்கம் அமுக்கும். ஓடும்போது கீழே அறைக்குள் போகாமல் மேலே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். வயிறு காலியாக இருக்கக் கூடாது. படகை ஓட்டும் ஸ்கிப்பர் விட்டால் சுக்கானைக் கொஞ்ச நேரம் மனைவி கையில் கொடுக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் டிரைவருக்கு வாந்தி வருவதில்லையே, அதே காரணம்தான்.

மூட்டு வலிக்கு ஒற்றை உடல் படகைவிட இரட்டை உடல் கேட்டமரான் நல்லது. பாய் விரித்தாலும் அதிகம் சாயாது, உட்காரும் இடமும் கூடமும் ஒரே மட்டத்தில் இருக்கும். ஒற்றை உடல் படகில் ஒவ்வொரு முறையும் செங்குத்தான ஏணியில் இறங்கி ஏற வேண்டும். கேட்டமரான் விலை கூட, அலையில் வெடுக் வெடுக்கென்று ஆடும் ஆட்டமும் சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் உங்கள் விஷயத்தில் நான் அதற்குத்தான் பணம் கொடுப்பேன். எதில் போனாலும் ரப்பர் படகுக்கு மாறிக் கரைக்குப் போகும் நேரத்தில் கவனம் வேண்டும்.

நீச்சல் தெரியாது என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். உயிர்காப்பு அங்கியை முதல் நாளே உடலுக்கு அளவு பார்த்து மாட்டிக்கொண்டு, படகு நகரும்போதெல்லாம் போட்டிருங்கள். ரப்பர் படகிலும்தான், பலர் அங்கேதான் கழற்றி வைத்துவிடுகிறார்கள். ஆபத்து நேரத்தில் ரேடியோவில் 16-ஆம் அலைவரிசை, போனில் 196 என்பதை மகளும் தெரிந்து வைத்திருக்கட்டும். அவசரத்தில் பிரெஞ்சு பேச வேண்டியவள் அவள்தான்.

முன்பணம் கட்டும் முன் மகள் சில விஷயங்களைக் கேட்க வேண்டும். எட்டுப் பேருக்கு எத்தனை கழிப்பறை? உங்கள் அறை தனியா, பகிர்வதா? காற்று மோசமானால் திட்டத்தை மாற்றும் முடிவு ஸ்கிப்பருடையதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "கண்டிப்பாக எல்லா இடமும் காட்டுவோம்" என்று பதில் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள். நல்ல ஸ்கிப்பர் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டார். அப்புறம் பொதுப் பை: டீசல், துறைமுகக் கட்டணம், மளிகை, ஸ்கிப்பர் சாப்பாடு எல்லாவற்றுக்கும் எல்லோரும் சமமாகப் போட்டு வைக்கும் பணம். பெரும்பாலும் விளம்பர விலையில் இது சேராது. மற்றவர்கள் மதுவுக்கும் இறைச்சிக்கும் அதிலிருந்தே எடுப்பார்கள். அதைத் தனியாக வைக்கலாமா என்று முதல் மாலையே சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. கோர்சிகா பன்றி இறைச்சிக்குப் பேர்போன தீவுதான். ஆனால் ஆட்டுப்பால் மோர்நீரைக் காய்ச்சித் திரட்டும் ப்ரோச்சியு என்ற மென்மையான பாலாடைக்கட்டி, ஜூன் வரைதான் புதிதாகக் கிடைக்கும்; புதினாவோடு அதைப் போட்டுச் செய்கிற ஆம்லெட்டைக் கண்டிப்பாகச் சாப்பிடுங்கள். கத்திரிக்காய்க்குள் பாலாடைக்கட்டியும் ரொட்டியும் அடைத்துச் செய்வதும் உண்டு, இறைச்சி கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். படகில் கேஸ் அடுப்பு இருக்கும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். தண்ணீர் தொட்டி எல்லோருக்கும் பொது. பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்து விடாதீர்கள், சண்டை அங்கிருந்துதான் தொடங்கும்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மகள் வீட்டில் தங்குவதற்கு அவள் நகராட்சியில் வாங்கும் அழைப்புச் சான்று ஒன்று வேண்டும், படகு வாரத்துக்குப் பதிவு ரசீது தனி. 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எப்படியும் எடுப்பீர்கள். பாய்மரப் படகுப் பயணத்தைச் 'சாகச விளையாட்டு' என்று சொல்லி விலக்கியிருக்கிறார்களா என்று சின்ன எழுத்துகளைப் படித்துவிட்டு எடுங்கள். பெரிய பெட்டிகளை லியோனிலேயே விட்டுவிட்டு, ஆளுக்கொரு துணிப்பையோடு போங்கள். கெட்டியான பெட்டியை வைக்கப் படகில் இடமே இருக்காது.