ரங்கூன் கிண்ணத்தில் இருப்பவன் யார்?

அன்புள்ள ஐயா,

என் கொள்ளுத்தாத்தா ரங்கூனில் செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கி ஒன்றில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக இருந்தவர். அவர் வாங்கிவந்த வெள்ளிக் கிண்ணத்தில் வில்லேந்திய ஒருவனும் மான்களும் புடைப்பாக இருக்கின்றன. ராமன்தானே? அப்படியென்றால் பர்மிய வெள்ளிவேலையே நம்மிடமிருந்து போனதா? சீனத் தாக்கமும் உண்டு என்கிறார்களே? கிண்ணம் கறுத்துவிட்டது, எப்படித் துலக்குவது?

மீனாட்சி

அன்புள்ள மீனாட்சி,

பர்மிய ராமாயணம் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. அடுத்தாள் சம்பளத்தில் நகை வாங்காமல் கிண்ணம் வாங்கிய மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அவருடைய கொள்ளுப்பேத்தியிடம் கொஞ்சம் கோபம். கடல் தாண்டி எதைக் கண்டாலும் ‘நம்மிடமிருந்து போனது’ என்று பட்டா எழுதிக்கொள்ளும் பழக்கத்தை எப்போது விடுவோம்?

தொடர்பே இல்லை என்று சொல்லவில்லை. பர்மாவின் பழைய நகரமான ஸ்ரீக்ஷேத்ராவில் 1926-27இல் தோண்டியெடுத்த வெள்ளிப் பேழையின் எழுத்தில் தென்னிந்தியச் சாயல் தெளிவாக உண்டு. அதற்காக உங்கள் வீட்டுக் கிண்ணம் அதன் நேர்வாரிசு ஆகிவிடாது.

ராமனையே எடுத்துக்கொள்ளுங்கள். பகான் நகரிலிருந்து மன்னர்கள் ஆண்ட பழங்காலத்திலேயே பர்மியருக்கு அவனைத் தெரியும். ஆனால் அவர்கள் மேடையில் ஆடிக் கொண்டாடிய ராமன் சயாமிலிருந்து, இன்றைய தாய்லாந்திலிருந்து வந்தவன். 1767இல் பர்மாவின் சின்பியூஷின் மன்னனின் படை சயாமின் தலைநகர் அயுத்தியாவை அழித்தது, அரண்மனைக் கூத்தர்களைச் சிறைபிடித்துத் தன் தலைநகர் ஆவாவுக்குக் கொண்டுபோனது. அந்தக் கைதிகள் ஆடிக்காட்டிய ராமன் நம் கோதண்டராமன் இல்லை, கூர்மகுடம் தரித்த சயாம் இளவரசன்.

அதுவும் உங்கள் வில்லாளி ராமனாக இருந்தால்தானே! பர்மியத் தட்டார்களுக்கு ராமாயணத்தைவிட, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் நெருக்கம். சாம ஜாதகத்தில், பார்வையற்ற பெற்றோருக்காகத் தண்ணீர் எடுக்க வந்த சாமன்மீது பிலியக்கன் என்ற அரசன் அம்பெய்கிறான். சாமனைச் சுற்றி எப்போதும் மான்கள். தசரதன் சிரவணனைக் கொன்ற கதைக்கு உடன்பிறப்பு இது. மான்களுக்கு நடுவே குடத்தோடு ஓர் இளைஞன் இருக்கிறானா, பாருங்கள். இருந்தால், நீங்கள் ராமன் என்று கும்பிட்டவன் கதைப்படி ராமனின் அப்பா ஸ்தானத்தில் இருப்பவன்.

சீனத்தை இன்னொரு நாள் பார்ப்போம். நீங்கள் கேட்காமல் விட்ட அந்நியன் வெள்ளைக்காரன். 1885இல் பர்மிய மன்னரின் மாண்டலே அரண்மனை வெள்ளைக்காரரிடம் வீழ்ந்தபின் தட்டார்களுக்குத் துரைமார்தான் பெரிய வாடிக்கை. பிக்குவின் பிச்சைப் பாத்திர வடிவில் அடித்த கிண்ணத்தில் துரைசாணிகள் ரோஜா வைத்தார்கள். தேநீர்க் கெண்டி, சிகரெட் பெட்டி எல்லாவற்றிலும் அதே ஜாதகக் கதைகள் ஏறின.

துலக்குவதா? கடைத் திரவத்தில் முக்கிவிடாதீர்கள். பள்ளத்தில் தங்கிய கறுப்புதான் உருவங்களைத் தூக்கிக் காட்டுகிறது. மெல்லிய துணியால் மேடுகளை மட்டும் துடையுங்கள். அப்படியே கவிழ்த்து அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். தட்டாரின் அடையாளமாக மயிலோ யானையோ கீறியிருக்கலாம்.