பாட்டு இருக்கிறது, பாடகர் எங்கே?

கேள்வி: எங்கள் தெருக் கோயில் விழாவுக்கென்று பல மைக், பாட்டுச் சத்தங்களைச் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற பழைய எட்டு சானல் ஆடியோ மிக்சர் ஒன்று வாங்கினோம். லேப்டாப்பில் பாட்டு போட்டால் சில வாத்தியங்கள் நன்றாகக் கேட்கின்றன, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மிக்சர் பழுதா?
- வாசகர், கரூர்

பதில்: மிக்சரைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடாதீர்கள், முதலில் ஒயரைப் பாருங்கள். லேப்டாப் பக்கம் 3.5 மி.மீ. ஜாக், மிக்சர் பக்கம் மைக் மாட்டுகிற மூணு பின் எக்ஸ்எல்ஆர், இப்படி ஒரு ஒயர்தானே? அதுதான் குற்றவாளி.

லேப்டாப்பிலிருந்து இடது, வலது என்று இரண்டு தனி ஒலிகள் வருகின்றன. மைக் இன்புட்டோ இரண்டு கம்பியில் வருவதை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். நீளமான மைக் ஒயரில் வழியில் தொற்றிக்கொள்ளும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும் என்பதால், கழித்தால் ஒழிந்துபோகும். அதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் ரிக்கார்டிங்கில் பாடகர் குரலை இரண்டு பக்கமும் சமமாக வைப்பதுதான் வழக்கம், ஆகவே இரைச்சலுக்கு நேர்கிற கதிதான் அதற்கும். ஓரங்களில் பரவியிருக்கிற வாத்தியமும் குரலின் எதிரொலியும் மட்டும் தப்பிக்கும்.

ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக், மறுமுனையில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கால் இஞ்ச் மோனோ ஜாக் உள்ள ஒயர் வாங்கி, ஸ்டீரியோ சானலின் இடது, வலது லைன் இன்புட்டுகளில் (மைக்குக்கு அல்லாமல் லேப்டாப் போன்ற கருவிகளுக்கான துளைகள்) செருகுங்கள். இன்னொன்று, மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் கண்டென்சர் மைக்குக்காக 48 வோல்ட் பொத்தானைப் போட்டால் சின்ன மிக்சர்களில் பெரும்பாலும் எல்லா மைக் இன்புட்டுக்கும் சேர்ந்தே மின்சாரம் போகும். உங்கள் பழைய ஒயர் வழியாக அது லேப்டாப்புக்கும் போயிருக்கும், நல்லவேளை நீங்கள் அதைத் தொடவில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: பஜனையில் நான்கு மைக். கொஞ்சம் சத்தம் கூட்டினாலே விசில் அடிக்கிறது. ஈக்வலைசரில் (கனத்த, நடு, கீச்சு ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) எதைக் குறைப்பது?
- வாசகி, தென்காசி

பதில்: ஈக்வலைசரைக் கடைசியில் பார்ப்போம். ஸ்பீக்கர் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து சுற்றுவதுதான் விசில். ஸ்பீக்கர் பாடுகிறவர்களுக்குப் பின்னால் இருந்தால் வேறு எதைத் திருகியும் பிரயோஜனமில்லை, மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவரச் சொல்லுங்கள்: தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், காசு செலவில்லை. சிலர் ஸ்டைலாக மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள், அப்படிப் பொத்தினால் பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடும் குணமே மைக்குக்குப் போய்விடும். திறந்திருக்கும் மைக் இரட்டிப்பானால் விசில் வராமல் கூட்டக்கூடிய அளவு சுமார் 3 டெசிபல் குறையும், அதனால் பாடாதவர் மைக்கை மியூட் செய்வதில் வெட்கம் வேண்டாம்.

அப்புறம் கெயின், அதாவது மைக் சத்தம் உள்ளே நுழையும்போதே எவ்வளவு பெருக்குவது என்று வைக்கிற குமிழ். ஃபேடருக்கு (சானலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை) முந்தைய அளவைக் காட்டும் பிஎஃப்எல் பொத்தானை அழுத்தி, பாடுகிறவர்களை உச்சஸ்தாயியில் பாடச் சொல்லி, சத்தம் அளவு மீறினால் எரியும் பீக் விளக்கு எரியாத அளவுக்குக் கெயின் குமிழை வையுங்கள், ஃபேடர் 0 கோட்டுப் பக்கம் இருக்கட்டும். கெயினை முழுக்கத் திறந்துவிட்டு ஃபேடரை அடியில் வைத்து ஓட்டுகிறவர்களை நிறைய மேடையில் பார்த்திருக்கிறேன், விரல் கொஞ்சம் அசைந்தாலே கூட்டம் காதைப் பொத்தும். பாடுகிற மைக்குகளில் லோ கட் (அடித்தொனி இரைச்சலை வெட்டும் பொத்தான்) போடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு விசில் வந்தால், சரி, மிட் குமிழைக் கொஞ்சம் இறக்கலாம்.

கேள்வி: மிக்சரில் மாட்டிய லேப்டாப்புக்குச் சார்ஜர் செருகினால் மட்டும் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்கிறது. சார்ஜரின் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்கிறார் நண்பர்.
- வாசகர், ஓசூர்

பதில்: உடைக்காதீர்கள். லேப்டாப், மிக்சர் இரண்டும் தனித்தனி வழியில் எர்த்துக்குப் போய் ஒயர் மூலம் வளையமாகிவிடுவதால் வருகிற சத்தம் அது. இரண்டையும் ஒரே பவர் போர்டில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவில், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (ஒலியை மட்டும் கடத்தி, எர்த் இணைப்பைப் பிரிக்கும் பெட்டி) போடுங்கள், அவசரத்துக்குப் பேட்டரியிலேயே ஓட்டலாம். எர்த் பின் இல்லாமல் போனால், சார்ஜரில் கோளாறு வரும் நாளில் மைக்கைப் பிடித்திருப்பவருக்குத்தான் ஷாக்.