ஈ-க்கும் ஊ-வுக்கும் நடுவில் நாக்கு என்ன செய்கிறது?

கேள்வி: க, த, ப என்றால் நாக்கோ உதடோ எங்கோ ஒட்டுகிறது, சரி. உயிரெழுத்துகளைச் சொல்லும்போது வாய்க்குள் எதுவும் எதிலும் ஒட்டுவதில்லையே, பிறகு எப்படி இத்தனை ஒலிகள் வருகின்றன? அவற்றை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

பதில்: ஒட்டாததுதான் விஷயமே. காற்று எங்கும் தடைபடாமல் வெளியே வந்தால் அது உயிர். தொண்டையில் குரல்நாண்கள் எழுப்பும் ஒலி எல்லா உயிருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், மாறுவது வாய்க்குள் இருக்கும் வெற்றிடத்தின் வடிவம். நம்பிக்கை இல்லையா, குரலே எழுப்பாமல் வெறும் கிசுகிசுப்பாக ஈ, ஏ, ஆ, ஓ, ஊ என்று சொல்லிப் பாருங்கள் (பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாக இருந்தால் நல்லது). குரல்நாண் அதிரவே இல்லை, ஆனாலும் எது ஈ, எது ஊ என்று காதுக்குத் தெரிந்துவிடும். அதோடு அந்தக் கிசுகிசுப்பின் சுருதி ஈ-யில் உச்சத்தில் தொடங்கி ஊ வரை படிப்படியாக இறங்கும். ஈ-க்கு நாக்கு முன்னால் தூக்கி நிற்பதால் அதற்கும் உதட்டுக்கும் இடையே இருக்கும் இடம் ரொம்பச் சின்னது, நாக்கு பின்வாங்கப் பின்வாங்க அந்த இடம் பெரிதாகிறது, உதடும் குவிந்தால் சுருதி இன்னும் தாழ்கிறது.

பிரிப்பதற்குப் பார்ப்பது மூன்றுதான்: நாக்கு எவ்வளவு மேலே, முன்னாலா பின்னாலா, உதடு குவிகிறதா இல்லையா. ஈ மேல், முன், குவியாதது. ஊ மேல், பின், குவிந்தது. ஆ-வுக்கு நாக்கு கீழே படுத்துவிடுகிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் டேனியல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் 8 உயிர்களை அளவுகோலாக வைத்து ஒரு நாற்கரத்தில் அடுக்கிக் காட்டினார். தொல்காப்பியத்தின் பிறப்பியல் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அ, ஆ வாய் திறப்பதால் பிறப்பவை, இ, ஈ, எ, ஏ, ஐ நாக்கின் விளிம்பு மேல்பல்லின் பக்கம் பொருந்திப் பிறப்பவை, உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவிந்து பிறப்பவை என்று பிரித்து வைத்திருக்கிறது.

நாக்கும் உதடும் சேர்ந்தேதான் வேலை செய்ய வேண்டும் என்றில்லை. ஈ என்று நீட்டிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவியுங்கள். தமிழில் இல்லாத, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருக்கிற ஓர் உயிர் வந்து நிற்கும். அப்புறம் இதற்கு நேர் எதிரானது நம் வாயிலேயே இருக்கிறது. கண்ணாடி முன் நின்று 'பாட்டு' என்று பேச்சு வேகத்தில் சொல்லுங்கள், கடைசி உகரத்துக்கு உதடு குவியாது. இலக்கணத்தில் மாத்திரை குறைந்தது என்று படித்தோமே, அந்தக் குற்றியலுகரம்தான் அது.