அடுக்குமாடி வீட்டில் கல் மெருகேற்ற முடியுமா? புதிதாகத் தொடங்குகிறவர் எதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

தாராளமாக முடியும். பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடியில் இருக்கிறது. துணி காயப்போடும் பின்பக்கத்தில் வைத்து மூன்று வருடமாகக் கல் உருட்டி வருகிறேன்: கல், தேய்ப்புப் பொடி, தண்ணீர் மூன்றையும் ஒரு டிரம்மில் போட்டால் மெஷின் அதை நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றும். நீங்கள் இன்னும் மெஷின் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, முதலில் கல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் முதல் முயற்சி வீணானது கல்லால்தான். இந்தத் தீவில் எந்த ஓடையில் இறங்கினாலும் காலில் இடறுவது கருங்கல். அதில் ஒரு கைப்பிடி, ஈப்போவிலிருந்து மாமா கொண்டுவந்த மார்பிள் துண்டுகள், மீன்தொட்டிக் கடையில் வாங்கிய வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கற்கள் என எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் போட்டேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் மார்பிள் மிட்டாய் மாதிரி தேய்ந்து கிடந்தது. குவார்ட்ஸின் முனைகூட மழுங்கவில்லை. கல் எவ்வளவு கீறல் தாங்கும் என்று 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் மார்பிள் 3, குவார்ட்ஸ் 7. இரண்டும் ஒன்றாக உருண்டால் மென்மையானதுதான் அழியும். கருங்கல்லின் கதை வேறு. அதிலுள்ள காக்காப்பொன் (மைக்கா) செதில்கள் மென்மையானவை. அவை முதலில் உதிர்ந்துவிடுவதால் கல் முழுக்கக் குழிகுழியாகிவிடுகிறது.

அதனால் ஒரு தடவைக்கு ஒரே கடினத்தன்மையுள்ள கற்களை மட்டும் போடுங்கள். அகேட், ஜாஸ்பர், குவார்ட்ஸ், சூதுபவளம் (கார்னீலியன்) எல்லாம் ஏறக்குறைய 7. புதியவருக்கு இவையே போதும். சந்தேகமான கல்லை சமையலறைக் கத்தி முனையால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் வேண்டாம். ஒரு சொட்டு வினிகர் விட்டு நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல் வகை, அதுவும் வேண்டாம். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவிலோ, கோலாலம்பூர் பக்கம் புக்கிட் தாபூர் குவார்ட்ஸ் மலைத்தொடரிலோ எதையும் பொறுக்காதீர்கள். அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள். செடி விற்கும் நர்சரியிலும் மீன்தொட்டிக் கடையிலும் மூட்டையாகவே கல் கிடைக்கிறது.

மெஷினில் ரப்பர் டிரம் உள்ளதை வாங்குங்கள். பிளாஸ்டிக் டிரம் மலிவுதான், ஆனால் மாடி வீட்டுக்கு அந்தச் சத்தம் ஆகாது. ரப்பர் டிரம்மாக இருந்தும் முதல் வாரம் கீழ்வீட்டு அக்கா லிஃப்டில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, ராத்திரி முழுக்க மாவாட்டுறீங்களா?" அன்றே மெஷினுக்கு அடியில் பழைய யோகா விரிப்பை நான்காக மடித்துப் போட்டேன், சத்தம் அடங்கியது. பெட்டி வைத்து மூடிவிடாதீர்கள், மோட்டார் சூடாகும். இணையத்தில் வாங்கினால் வோல்ட்டேஜையும் பாருங்கள். அமெரிக்காவுக்கென்று செய்த 110 வோல்ட் மோட்டாரை நம் பிளக்கில் நேராகச் செருகக்கூடாது.

வேலை நான்கு கட்டம். முதலில் 60/90 சிலிக்கன் கார்பைடு பொடி (எண் கூடக் கூடப் பொடி நைசாகும்), அடுத்து 150/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு பாலிஷ். மூன்று பவுண்டு கொள்ளும் டிரம்முக்குக் கட்டத்துக்கு நான்கு மேசைக்கரண்டி பொடி. டிரம்மில் முக்கால் அளவு கல், மேல்கல்லுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர். கல் குறைவாக இருந்தால் உருளாமல் விழுந்து மோதி விரிசல் விடும். ஒவ்வொரு கட்டமும் ஒரு வாரம் என்பார்கள். மற்றவற்றுக்கு அது சரி, முதல் கட்டத்துக்கு நான் நாள் கணக்கே பார்ப்பதில்லை. கல்லின் உருவம் அமைவது அங்கேதான். அதில் விட்ட பள்ளத்தைப் பின்னால் வரும் எந்தப் பொடியும் நிரப்பாது. மூன்று வாரம் அதிலேயே கிடந்த ஜாஸ்பர்கள் என்னிடம் உண்டு. குஜராத்தின் காம்பாத்தில் மணி செய்கிறவர்கள் அகேட் மணிகளைப் பொடியோடு தோல் பையில் கட்டி, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து நாள்கணக்கில் உருட்டித்தான் மெருகேற்றி வந்தார்கள். தமிழ்நாட்டின் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த சூதுபவள மணிகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கட்டம் மாற்றும்போது கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிரம்மைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் தோசைமாவு மாதிரிக் குழம்பு இருக்கும். அதில் 60 பொடியின் ஒரு துகள் தப்பிப் பாலிஷ் கட்டத்துக்குப் போனாலும் எல்லாக் கல்லிலும் கீறல் விழும். நான் மூன்று வாளித் தண்ணீரில் அலசி, ஒவ்வொரு கல்லையும் பழைய டூத்பிரஷால் தேய்ப்பேன். டிரம்மின் உள்விளிம்பையும் மூடியின் பள்ளத்தையும் விரலால் தடவிப் பார்ப்பேன், நறநறவென்று பட்டால் மறுபடி கழுவல். விரிசலுள்ள கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அந்த விரிசலுக்குள்தான் பொடி ஒளிந்திருக்கும்.

அந்தக் குழம்பை மட்டும் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் சிமெண்டாக இறுகிவிடும். ஐஸ்கிரீம் டப்பாவில் இரண்டு நாள் தெளியவைத்து, மேல்தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை ஈரத்தோடேயே பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். காய்ந்து தூளானால் அது நுரையீரலுக்கு ஆகாது. உருளும் நாட்களில் தினம் ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள், சில கற்கள் உள்ளே வாயுவை உண்டாக்கும்.

பாலிஷ் முடிந்ததா என்பதை ஈரக்கல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீரில் நனைந்தால் தெருக்கல்லும் மின்னும். துணியால் துடைத்து, செய்தித்தாளில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, டியூப்லைட்டுக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். விளக்கின் கோடு கல்மேல் கூராக விழ வேண்டும். அது மங்கிக் கலங்கித் தெரிந்தால் நான் அந்தக் கற்களை மறுபடி 500 பொடியில் போட்டுவிடுவேன்.