இருபதாயிரம் டாலரில் தீர்ந்த கணக்கா?

கேள்வி: சென்ற இதழில் கொச்சியாமா என்ற ஜப்பானிய-அமெரிக்கத் தம்பதியைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். கல்யாணம், பிள்ளைகள், வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் என்று ஒரே குடும்பக் கதை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு அவர்களை முகாமில் வைத்தது போர்க்காலத்தில் எந்த அரசும் எடுக்கக்கூடிய முன்னெச்சரிக்கைதானே? பிறகு மன்னிப்பும் கேட்டு, ஆளுக்கு 20,000 டாலரும் கொடுத்துவிட்டார்கள். முடிந்துபோன விஷயத்தைக் கிளறுவானேன்? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 'முன்னெச்சரிக்கை' என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஜப்பான் குண்டு போட்ட பேர்ல் ஹார்பர் இருப்பது ஹவாயில். அங்கே அப்போது மூன்றில் ஒருவருக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். ஆபத்து என்றால் அங்கேதான் முதலில் இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒட்டுமொத்தமாக யாரையும் பிடித்து அடைக்கவில்லை. அவர்களை அடைத்துவிட்டால் தீவில் வேலை நடக்காது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, கலிபோர்னியாவிலும் மேற்குக் கரையின் மற்றப் பகுதிகளிலும் இருந்தவர்களைத்தான் கைக்குழந்தையிலிருந்து கிழவி வரை வாரிக்கொண்டு போனார்கள். சுமார் 1,20,000 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள். பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையமே சொல்லிவிட்டது: ராணுவத் தேவை என்று ஒன்று இருக்கவில்லை, காரணம் இனவெறுப்பு, போர்ப் பதற்றம், அரசியல் தலைமையின் தோல்வி. அந்த அரசே கைவிட்ட சொல்லை நீங்கள் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

சரி, குடும்பக் கதைக்கு வருவோம். உங்களுக்கு அலுப்புத் தட்டிய பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தத் தம்பதியில் மனைவி யூரி கொச்சியாமாவுக்கு அப்போது பெயர் மேரி நகஹாரா. வயது 20. ஊர், கலிபோர்னியாவின் சான் பெட்ரோ துறைமுகம். அப்பா செய்இச்சி நகஹாரா மீன் வியாபாரி. கப்பல்களுக்குச் சரக்குக் கொடுத்து வந்தவர். 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்த ஞாயிற்றுக்கிழமை. மேரி ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பிய சற்று நேரத்தில் எஃப்.பி.ஐ. ஆட்கள் வந்து நின்றார்கள். குடல்புண் அறுவை முடிந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த அப்பாவைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போனார்கள். சிறையில் சில வாரங்கள். உடல்நிலை மோசமான பிறகு மருத்துவமனை. காயம்பட்ட அமெரிக்க மாலுமிகள் நிறைந்த வார்டில் அவர் கட்டிலைச் சுற்றி மட்டும் ஒரு துணி கட்டி, அதில் 'போர்க் கைதி' என்று எழுதி வைத்திருந்ததை யூரி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

யூரியின் இரட்டைச் சகோதரர் பீட்டர் அதற்குள் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்திருந்தார். சீருடையோடு அப்பாவைப் பார்க்கப் போனார். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. விசாரிக்க வந்த ஆள் என்று நினைத்து அப்பா நடுங்கினார். ஜனவரி 20-ஆம் தேதி அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் இறந்துபோனார். மேற்குக் கரையிலிருந்து அவர்களை வெளியேற்ற வழி திறந்த ஆணையில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டது பிப்ரவரி 19. அதாவது அப்பா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆணை வந்துவிட்டது. மிச்சமிருந்த குடும்பம் பிறகு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது உத்தரவு.

நீங்கள் சொல்லும் 20,000 டாலர் சட்டம் வந்தது 1988 ஆகஸ்ட் 10. அன்றைக்கு உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும்தான் அந்தத் தொகை. செய்இச்சி நகஹாரா போய்ச் சேர்ந்து அப்போது 46 வருஷம். முகாமிலிருந்து வெறுங்கையோடு திரும்பி, நிலமும் கடையும் போய், எழுபதுகளுக்குள் கண்மூடிய முதல் தலைமுறைக்காரர்கள் எத்தனை பேர். அவர்கள் கணக்கை எந்தப் பேரேட்டில் தீர்த்தார்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், அந்தக் கல்யாணம். நகஹாரா குடும்பத்தை முதலில் சாண்டா அனிதா குதிரைப் பந்தயத் திடலில் வைத்தார்கள். குதிரை லாயங்களே வீடு. பிறகு ஆர்கன்சாவில் ஜெரோம் முகாம். முள்வேலிக்குள் இருந்துகொண்டே மேரி தன் ஞாயிறு பள்ளிப் பெண்களைச் சேர்த்து ஒரு வேலை ஆரம்பித்தார். ராணுவத்தில் இருக்கும் ஜப்பானிய-அமெரிக்கப் பையன்களுக்குக் கடிதமும் அஞ்சல் அட்டையும் எழுதும் வேலை. பெற்றோரை முகாமில் போட்டுவிட்டுப் பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிய அரசு அது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்ல, வேலிக்குள் அடைபட்ட பதின்வயதுப் பெண்கள்தான் உட்கார்ந்து எழுதினார்கள். இதைப் படித்துவிட்டு 'வெறும் குடும்பக் கதை' என்று உங்களால் எப்படி நகர முடிந்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

அந்த ஜெரோமுக்கு மிசிசிப்பி பயிற்சி முகாமிலிருந்து விடுமுறையில் வந்த சிப்பாய்களில் ஒருவர் பில் கொச்சியாமா. நியூயார்க்கில் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். படிக்க வேண்டும் என்று கலிபோர்னியா போனார். போன இடத்தில் மாட்டிக்கொண்டார். யூட்டாவின் டோபாஸ் முகாமிலிருந்து, ஜப்பானிய-அமெரிக்கர்களைக் கொண்ட 442-ஆவது படைப்பிரிவில் சேர்ந்தார். ஐரோப்பாவில் அந்தப் பிரிவு சிந்திய ரத்தத்துக்குச் சாட்சி சொல்ல 1944 அக்டோபர் மாதம் மட்டுமே போதும்: பிரான்ஸ் மலைக்காட்டில் ஜெர்மானியர் சூழ்ந்துகொண்ட டெக்சாஸ் படையினரில் 211 பேரை மீட்டார்கள், அதற்காக இவர்களில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் நூற்றுக்கணக்கில்.

போர் முடிந்து 1946-இல் நியூயார்க்கில் கல்யாணம். ஆறு பிள்ளைகள். அரசுக் குடியிருப்பில் ஒரு வீடு. 1960-இல் அதே நகரில் கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லம் பகுதிக்கு மாறினார்கள். வார இறுதி என்றால் கதவு திறந்தே இருக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவர், படுக்க இடமில்லாதவர், கூட்டம் முடிந்து வந்தவர் என்று யாராவது தரையில் படுத்திருப்பார்கள். சமையலறை மேசை மேல் துண்டறிக்கைகளும் கடிதங்களும் குவிந்து கிடக்கும். குடும்பச் செய்திகளை வைத்து வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு செய்தி மடலே போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். 1964 ஜூன் 6 அன்று அந்த வீட்டுக் கூடத்தில்தான் ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டிலிருந்து தப்பியவர்கள் கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸைச் சந்தித்தார்கள். உங்கள் உடம்பில் அணுகுண்டுத் தழும்பு, எங்களைத் தாக்கிய குண்டு இனவெறி என்ற பொருளில் அவர் அங்கே பேசினார். அந்த வருஷம் வெளிநாடு போன இடங்களிலிருந்து கொச்சியாமா வீட்டுக்கு அவர் அஞ்சல் அட்டைகள் அனுப்பினார். முகாமில் அட்டை எழுதிய பெண்ணுக்கு இப்போது அட்டை வந்தது. அதற்கடுத்த பிப்ரவரியில் மால்கம் சுடப்பட்டு மேடையில் கிடந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்த பெண் யூரிதான். 'லைஃப்' இதழில் வந்த அந்தப் படத்தால் மட்டுமே பலருக்கும் அவரைத் தெரியும். அதனால்தான் நாங்கள் வீட்டைப் பற்றி எழுதினோம். அந்த மேடையில் அவர் ஓடிப்போய் மண்டியிட்டதற்கு முன்னால் பல வருஷம் அவர்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

இதனால் யூரி சொன்னதற்கெல்லாம் நான் தலையாட்டுகிறேன் என்று அர்த்தமில்லை. பெரு நாட்டின் 'ஒளிரும் பாதை' என்ற மாவோயிச ஆயுத இயக்கத்துக்கு அவர் கொடுத்த ஆதரவு தவறு. அந்த இயக்கம் கொன்றவர்களில் ஏழைக் குடியானவர்களே ஏராளம். அதையும் சேர்த்தேதான் அவரை நினைக்க வேண்டும்.

'கிளறுவானேன்' என்கிறீர்கள். கிளறாமல் இருந்த காலமும் உண்டு. முகாமிலிருந்து திரும்பிய பெற்றோர் முப்பது வருஷம் பிள்ளைகளிடம் வாயே திறக்கவில்லை. வீட்டில் 'கேம்ப்' என்று பேச்சு வந்தால் கோடை முகாம் என்று நினைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளே கேட்க ஆரம்பித்தார்கள். 1969-இல் மன்சனார் முகாம் இருந்த பாலைவனத்துக்கு யாத்திரை போனார்கள். பெரியவர்களும் பேசினார்கள். நீங்கள் சொல்லும் மன்னிப்பு அதற்குப் பிறகு வந்ததுதான். கிளறியதால்தான் வந்தது.

1981-இல் ஆணையம் நியூயார்க் வந்து விசாரித்தது. அங்கே விசாரணை நடக்க வேண்டும் என்று பாடுபட்டவர்களில் பில்லும் யூரியும் உண்டு. பில் சாட்சி சொன்னார். டோபாஸுக்கு முன்னால் அவரை அடைத்து வைத்த கலிபோர்னியாவின் டான்ஃபோரன் குதிரைப் பந்தயத் திடல் வாசலில் இரண்டு வரிசையாகச் சிப்பாய்கள். துப்பாக்கி முனையில் கத்தி செருகி, நடந்து போகிறவர்களை நோக்கி நீட்டியிருந்தார்கள். அதற்கு நடுவே நடந்தபோது ஆத்திரம் கண்ணை மறைக்க, தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லிக் கத்தி, முடிந்தால் சுடு பார்க்கலாம் என்று நின்றாராம். பிறகு அதே ராணுவத்தின் சீருடையைப் போட்டுக்கொண்டு போரிட்டவர், அறுபது வயதில் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து இதைச் சொன்னார்.

இரண்டாம் பகுதி அடுத்த இதழில் வருகிறது. அதுவும் நான்கு பக்கம்தான். குழந்தைகளும் விருந்தாளிகளும் அதிலும் இருப்பார்கள்.