எங்கள் கம்பெனியில் இ-லேர்னிங் கொண்டுவரச் சொல்கிறார்கள். எந்த எல்எம்எஸ் (பயிற்சிகளை நடத்திப் பதிவு வைக்கும் மென்பொருள்) வாங்கலாம்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி, 400 பேர், மூன்று ஷிஃப்ட், மூன்று மாதக் கெடு என்று எழுதியிருக்கிறீர்கள். கெடு வைத்தவர் எங்கோ ஒரு டெமோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார், எச்ஆரில் நீங்கள் ஒருவர்தான் இதை இழுக்கப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

மென்பொருளைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். 'தர விழிப்புணர்வு' மாதிரித் தலைப்பு வேண்டாம். 'ஷிஃப்ட் தொடங்கியதும் முதல் பீஸை அளந்து அப்ரூவல் வாங்காமல் லைனை ஓட்டுகிறார்கள்' என்று சூப்பர்வைசர் சொல்கிறாரா, அதை எடுங்கள். பிறகு அந்த வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் பகுதி திரைக்கு வரும், கை பழக வேண்டிய பகுதி மெஷினிலேயே நடக்கும். 0.02 மி.மீ. வரை அளக்கும் வெர்னியர் காலிப்பரில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்பதை வீடியோவில் அருமையாகக் காட்டலாம். மைக்ரோமீட்டரின் ராச்செட்டை (முனைத் திருகை) எவ்வளவு மெதுவாகத் திருப்புவது என்பது விரலுக்குத்தான் தெரிய வேண்டும். அதற்கு சீனியர் ஆபரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போடும் ஒரு பக்கச் சரிபார்ப்புத் தாள் போதும்.

அடுத்தது நேரம். பெரும்பாலான திட்டங்கள் கவிழ்வது இங்கேதான். அரை மணி நேர ஸ்லாட், ஐந்து டேப்லெட் என்றால் ஒரு மணி நேரத்தில் 10 பேர் முடிப்பார்கள். ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு நாளைக்கு 30 பேர். 400 பேருக்கு ஒரே ஒரு கோர்ஸ் போய்ச்சேர 14 வேலை நாள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். ஷிஃப்ட் பிளானிலேயே அந்த அரை மணி இல்லையென்றால், மாதக் கடைசியில் டெஸ்பாட்ச் நெருக்கடி வரும்போது முதலில் வெட்டுப்படுவது பயிற்சிதான். 'வீட்டுக்குப் போய் செல்போனில் பார்த்துக்கொள்ளட்டும்' என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது சம்பளம் இல்லாத வேலை நேரம். டேட்டா செலவும் அவர்கள் தலையில் விழும்.

இப்போது பாடம். ஒரு வீடியோ மூன்று முதல் ஆறு நிமிடம், ஒரு வீடியோவில் ஒரு செயல். பேச்சு நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குக் கீழே இருக்கட்டும். தமிழ்ச் சொற்கள் நீளம், அதற்கு மேல் போனால் நியூஸ் வாசிப்பதுபோல் ஓடும். வீடியோவின் தரம் 720பி, சுருக்கும் முறை எச்.264, வேகம் நொடிக்கு 1 மெகாபிட் போதும். நிமிடத்துக்குச் சுமார் 7.5 எம்பி ஆகும். ஐந்து டேப்லெட்டுக்கு 5 மெகாபிட்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் ஷாப் ஃபுளோர் வைஃபை இரும்பு ரேக்குகளுக்கு நடுவே தவிக்கும். டேப்லெட் வைக்கப்போகும் அதே இடத்தில், மெஷின்கள் ஓடும்போது சோதியுங்கள். சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால் ஹெட்செட்டும் வேண்டும், திரையில் சப்டைட்டிலும் வேண்டும்.

லைனில் ஒடிசா, பிகார் ஆட்களும் இருப்பார்கள். அதனால் படத்துக்குள் எழுத்தைப் பதிக்காதீர்கள். எழுத்தைத் தனி அடுக்காக வைத்தால் தமிழ், இந்தி, ஒடியா என்று எழுத்தையும் ஒலியையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜிக், ஃபிக்ஸ்சர், பர், ரீவொர்க் மாதிரிச் சொற்கள் எல்லாம் லைனில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே இருக்கட்டும். தமிழ்ப்பற்று இல்லையா என்று கேட்பவர்களுக்கு: பற்று இருப்பதால்தான், ஆபரேட்டர் வாயில் உயிரோடு இருக்கும் தமிழில் எழுதச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பு மென்பொருள் கொடுப்பதை லைன் லீடர் ஒருவர் உரக்கப் படித்துத் திருத்தாமல் பதிவு செய்யவே கூடாது.

வெளியில் கொடுத்துச் செய்வதானால் பர்ச்சேஸ் ஆர்டரில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று, எடிட் செய்யக்கூடிய மூலக் கோப்புகள் எங்களுக்கே. தயாரான கோர்ஸைச் சுருட்டிய ஜிப் கோப்பை மட்டும் வாங்கிக்கொண்டால், நாளை ஒரு கேஜ் மாறியதும் ஒரு ஸ்லைடுக்காக மறுபடி அவர்களிடம் பணம் கட்ட வேண்டும். இரண்டு, எங்கள் எல்எம்எஸ்ஸில் எங்கள் டேப்லெட்டில் ஓடிக் காட்டிய பிறகே பணம். கோர்ஸை ஸ்கார்ம் 1.2 வடிவத்தில் கேளுங்கள். கோர்ஸும் எல்எம்எஸ்ஸும் தகவல் பரிமாறிக்கொள்வதற்கான பொது விதிமுறை அது. பழசுதான், 2001-இல் வந்தது, ஆனால் எங்கும் ஓடும், மூடில் (Moodle) என்ற இலவச எல்எம்எஸ் முழுதாக ஆதரிப்பதும் அதைத்தான். அதன் சிக்கல்களையும் தெரிந்துகொள்ளுங்கள். மேனிஃபெஸ்ட் கோப்பு, அதாவது கோர்ஸில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லும் பட்டியல், ஜிப்பின் முதல் அடுக்கில் இருக்க வேண்டும். ஃபோல்டரோடு சேர்த்து ஜிப் செய்தால் ஏற்காது. விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான தகவலுக்கு 4,096 எழுத்துதான் இடம். 60 ஸ்லைடு, 30 கேள்வி என்று ஊதிய கோர்ஸ் திரும்பத் திரும்ப முதல் ஸ்லைடிலிருந்தே தொடங்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 'முடித்தார்', 'தேர்ச்சி பெற்றார்' இரண்டுக்கும் 1.2-இல் ஒரே கட்டம். எதை அனுப்புவது என்று முன்பே முடிவு செய்யாவிட்டால் ரிப்போர்ட் குழம்பும். கடைசி ஸ்லைடில் 'வெளியேறு' பட்டனை அழுத்தாமல் ஜன்னலை மூடினால் பதிவு விழாமலும் போகும். ஆகவே அந்தப் பட்டன் பெரிதாக, கண்ணில் படும்படி இருக்கட்டும்.

எல்எம்எஸ்ஸுக்கு வருகிறேன். 400 பேருக்கு மூடில் தாராளமாகப் போதும். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆளும்தான் செலவு. மூடிலுக்கு ஆள் பிடிக்கிறேன் என்று பின்னூட்டம் போடப்போகிறவர்களுக்கு: எனக்கு அதில் ஒரு பைசா வராது. பார்த்துக்கொள்ள ஆளே இல்லையென்றால் பணம் கட்டி வாங்குங்கள், ஆனால் கட்டணம் பதிவு செய்தவர் எண்ணிக்கைக்கா, அந்த மாதம் உள்ளே வந்தவர் எண்ணிக்கைக்கா என்று எழுத்தில் கேளுங்கள். மூடிலில் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் 10 முதல் 20 பேருக்கு 1 ஜிபி ராம் என்பது பொதுக் கணக்கு. டேப்லெட் ஐந்து, ஆபீஸ் ஆட்கள் சிலர் என்றால் 4 ஜிபி சர்வரில் தொடங்கலாம். கிரான், அதாவது மூடிலின் பின்னணி வேலைகளைத் தானாக நடத்தும் நிரல், ஒவ்வொரு நிமிடமும் ஓட வேண்டும். அது நின்றுபோனால் கோர்ஸை முடித்தவர் பெயருக்கு நேரே முடித்ததாக விழாது, நீங்கள் ஆபரேட்டரைச் சந்தேகிப்பீர்கள்.

ஆட்களின் பட்டியலை மூடிலில் ஏற்றும்போது எக்செல் இரண்டு வேலை செய்யும். 00417 என்ற எம்ப்ளாயி நம்பரை 417 ஆக்கும். தமிழ்ப் பெயர்களைக் கேள்விக்குறிகளாக்கும். நம்பர் இருக்கும் நெடுவரிசையை டெக்ஸ்டாக மாற்றுங்கள், சேமிக்கும்போது யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூடில் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் கேட்கும். ஆபரேட்டருக்கு இல்லையென்றால் கம்பெனி டொமைனில் நம்பரை வைத்து ஒன்று கொடுத்துவிட்டு, மெயில் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். தமிழில் சான்றிதழ் தர நினைத்தால் முதலில் ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள்: மூடில் பிடிஎஃப் உருவாக்கப் பயன்படுத்தும் டிசிபிடிஎஃப் என்ற நிரல் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரையாது, 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். பெயர் சிதைந்த சான்றிதழை ஒருவர் கையில் கொடுப்பதைவிடக் கொடுக்காமலே இருக்கலாம். பிரவுசரில் வலைப்பக்கமாகத் திறந்து அச்சிட்டால் சரியாக வரும்.

தேர்வில் நடக்கும் தில்லுமுல்லு ஒன்றுதான். விவரம் தெரிந்த ஒருவர் பத்து பேருக்கு முடித்துக்கொடுப்பார். 30 கேள்வி வைத்து ஆளுக்கு 10 உருவும்படி அமையுங்கள். கேள்விகளில் பாதியாவது படம் காட்டி 'இந்தப் பீஸ் பாஸா, ரிஜெக்டா?' என்று கேட்கட்டும். தவறினால் மறுபடி எழுத ஒரு நாள் இடைவெளி வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து ஒரு முறை லைனில் நின்று பாருங்கள். கோர்ஸ் தொடங்குவதற்கு முந்தைய நான்கு வார ரிஜெக்‌ஷன் கணக்கை இப்போதே எடுத்துவைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

போஷ் (பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு) பயிற்சியையும் இதில் போட்டு முடித்துவிடலாமா என்று கேட்பார்கள். 2013 சட்டத்தின் 19-ஆவது பிரிவு பணியாளர்களுக்குப் பட்டறைகளும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும், உள் குழு உறுப்பினர்களுக்குத் தனியாக அறிமுகப் பயிற்சியும் நடத்தச் சொல்கிறது. சட்டத்தின் அடிப்படையைத் திரையில் சொல்லலாம். குழு உறுப்பினர்களை எதிரில் உட்காரவைத்துத்தான் பயிற்றுவிக்க வேண்டும், புகார் விசாரிக்கப்போகிறவர்கள் அவர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. இந்த ஊரில் எத்தனையோ கம்பெனிகளில் பயிற்சி அதிகாரி என்றால் ஆயுதபூஜைக்குத் தோரணம் கட்டவும், பர்த்டே கேக் ஆர்டர் செய்யவும், ஆடிட்டுக்கு முந்தைய நாள் வருகைப் பதிவேட்டை நிரப்பவும் இருக்கும் ஆள். லைனில் போய் நிற்க அவருக்கு ஒரு மணி நேரம்கூட விடமாட்டார்கள். ரிஜெக்‌ஷன் கூடினால் மட்டும் 'ட்ரெயினிங் என்ன பண்ணுது?' என்று கேட்பார்கள். காண்ட்ராக்ட் ஆட்களைப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. கடினமான மெஷினில் நிற்பது அவர்கள்தான். இது அநியாயம்.

மூன்று மாதத்துக்கு வருகிறேன். ஒரு லைன், 30 பேர், ஒரு கோர்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் லைனில் நின்று பார்ப்பது. அடுத்த மூன்று வாரம் ஸ்கிரிப்டும் ஷூட்டிங்கும். ஆறாவது வாரம் ஐந்து பேரை உட்காரவைத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்வது. அடுத்த இரண்டு வாரம் திருத்தம். மீதி நாலு வாரம் அந்த லைன் முழுவதற்கும். 400 பேரும் அதற்குப் பிறகுதான். வெண்டர் டெமோவுக்கு வரும்போது அவருடைய லேப்டாப்பில் பார்க்காதீர்கள். லைனில் இருக்கும் உங்கள் டேப்லெட்டைக் கையில் கொடுத்து, இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவரின் நம்பரில் உள்ளே போய், பாதியில் வைஃபையை அணைத்து, திரும்பப் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்.